வெளிறிய சிவப்பு ஒயின்: கலவையா, கலப்படமா?

குடியாத்தத்திலிருந்து கேள்வி கேட்டிருக்கும் அன்பர் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அக்கா மகன் ஆஸ்திரியாவிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒரு குடும்பம் நடத்தும் திராட்சைத் தோட்டத்தில் பயோடைனமிக் முறையில் விளைந்தது, மூன்று வகைத் திராட்சைகள் சேர்ந்த கலவை, குளிரவைத்துப் பருகவும் என்று அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அச்சிட்டிருக்கிறது. கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் மறுபக்கம் பிடித்திருக்கும் விரல் தெரிகிறதாம். இனிப்பே இல்லை, நாக்கில் லேசாகச் சுருக்கென்கிறதாம். தண்ணீர் கலந்திருக்கிறார்களா, கலவை என்றாலே மட்டமான சரக்கா, பயோடைனமிக் என்பது நம் பஞ்சகவ்யம் போன்றதுதானா, பூச்சிமருந்து படாத திராட்சை என்பதால் சர்க்கரை நோயுள்ள மாமனாருக்கு ஒரு டம்ளர் கொடுக்கலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: சீட்டில் எழுதியிருப்பதை எந்த அளவுக்கு நம்பலாம்?

நான் வேலூரில் வேதியியல் படித்து, ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலையின் சோதனைக்கூடத்தில் நான்கு ஆண்டுகளும், பிறகு நாசிக்கில் ஒயின் ஆலைச் சோதனைக்கூடத்தில் பதினான்கு ஆண்டுகளும் வேலை பார்த்தவன். இடையில் ஓர் அறுவடைக் காலம் முழுவதும் ஆஸ்திரியாவின் பூர்கன்லாந்து பகுதியில், ஹங்கேரி எல்லையை ஒட்டிய ஒரு குடும்பத் தோட்டத்தில் தங்கி வேலை கற்றுக்கொண்டேன். உங்கள் பாட்டிலை நான் பார்க்கவில்லை, சுவைக்கவும் இல்லை. ஆகவே அந்தக் குறிப்பிட்ட ஒயின் நல்லதா என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது; அது எப்படிச் செய்யப்பட்டிருக்கும், சீட்டில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

நிறத்திலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்தில் ஒயின் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் ஒயின்தான். பன்னீர் திராட்சையை நசுக்கி, சர்க்கரையும் பட்டை கிராம்பும் சேர்த்து, பீங்கான் ஜாடியில் துணி கட்டி, இருபத்தொரு நாள் தினமும் மரக்கரண்டியால் கிளறி வடிகட்டும் அந்த ஒயின் நாவல்பழச் சாறு போலக் கறுத்திருக்கும், பாகு போல இனிக்கும். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு பார்த்தால், நீங்கள் விவரிக்கும் ஒயின் நீர்த்துப்போனதாகத்தான் தோன்றும். ஆனால் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி, தோல் எத்தனை நாள் சாற்றில் கிடந்தது என்பதிலிருந்து வருகிறது. ஒரு பன்னீர் திராட்சையை எடுத்துத் தோலை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் சதையை மட்டும் வெள்ளைத் தட்டில் நசுக்கிப் பாருங்கள். வரும் சாறு இளநீர் போல ஏறக்குறைய நிறமற்று இருக்கும். இனி உரித்த தோலை இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்தால் விரல் ஊதாவாகும். மிகச் சில வகைகளைத் தவிர, கறுப்புத் திராட்சை எதிலும் சாயம் தோலில்தான் இருக்கிறது. அந்தச் சாயத்தின் பெயர் ஆந்தோசயனின். கத்தரிக்காயின் ஊதாவும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

திராட்சையை நொதிக்கவிடும்போது இந்தச் சாயம் முதல் நான்கைந்து நாட்களிலேயே பெரும்பாலும் சாற்றில் இறங்கிவிடுகிறது. துவர்ப்பைத் தரும் டானின், அதிலும் விதையில் உள்ள டானின், அதற்குப் பிறகே, சாராயச் சத்து கூடக்கூட மெதுவாக இறங்குகிறது. கனமான சிவப்பு ஒயின் செய்ய நினைப்பவர் தோலையும் விதையையும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை சாற்றிலேயே விட்டுவைப்பார். லேசான ஒயின் வேண்டும் என்பவர் மூன்று நாளிலோ ஏழு நாளிலோ சாற்றை வடித்துவிடுவார். ஆக, உங்கள் டம்ளரில் விரல் தெரிவது பெரும்பாலும் ஒருவர் நாள் எண்ணி எடுத்த முடிவின் விளைவு. நிறம் வெளிறியிருந்தாலும் பளிச்சென்று மாதுளை முத்து போலத் தெளிந்திருந்தால் அது நல்ல அறிகுறி. புளிப்பு நன்றாக இருக்கும் ஒயினில்தான் இந்தச் சாயம் செம்மையாக மின்னும். பழுப்பேறிச் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தால், இளம் ஒயினைப் பொறுத்தவரை அது காற்றோ வெப்பமோ பட்டுக் கெட்டதன் அடையாளம்.

டானினைப் பற்றி வட ஆற்காட்டுக்காரர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. என் அப்பா பேரணாம்பட்டில் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். குரோம் உப்பு வந்து எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முன்பு, ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த தொட்டிகளில்தான் தோலைப் போடுவார்கள். அந்தப் பட்டைத் தண்ணீர் ஒரு துளி உதட்டில் பட்டால் வாய் முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பார். பட்டையின் டானின் தோலிலுள்ள புரதத்தைப் பிடித்து இறுக்குவதும், ஒயினின் டானின் நம் உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்து வாயை வறளச் செய்வதும் அடிப்படையில் ஒரே வேதிவினைதான். ஆலையில் நான்கு ஆண்டுகள் அளந்த அதே பொருளை நாசிக்கில் முதல் நாளே கண்ணாடிக் குழாயில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் நினைவிருக்கிறது. லேசான சிவப்பு ஒயினில் இந்தப் பிடிப்பு குறைவு. குளிர்ந்தால் துவர்ப்பு கூடுதலாகத் தெரியும் என்பதால்தான் கனமான சிவப்பு ஒயினைக் குளிரவைப்பதில்லை. டானின் குறைந்த ஒயினுக்கு அந்தத் தடை இல்லை என்பதால்தான் உங்கள் சீட்டில் குளிரவைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தண்ணீர் கலந்திருப்பார்களோ என்ற ஐயத்துக்கு வருகிறேன். ஒயினில் தண்ணீர் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் இருப்பதாலேயே குற்றம் நடக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆஸ்திரியாவின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. 1985-இல் அந்நாட்டு ஒயின்கள் சிலவற்றில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் சேர்க்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதைச் சேர்த்தவர்களின் நோக்கம் மெலிந்த ஒயினை இனிப்பாகவும் கனமாகவும் காட்டுவது. அதாவது, அங்கே பெரிதாக வெடித்த கலப்படம் ஒயினைத் திடமாக்கிக் காட்டச் செய்யப்பட்டது. லேசாக இருப்பதை ஏமாற்றின் அடையாளமாகக் கொள்வதற்கு அந்த வரலாறு இடம் தரவில்லை. அந்நாட்டு ஏற்றுமதியே நொடிந்துபோன பிறகு, அதே ஆண்டில் மிகக் கடுமையான ஒயின் சட்டம் வந்தது. இன்று ஆஸ்திரியாவின் தர ஒயின் என்று விற்கப்படும் பாட்டிலின் மூடியில் சிவப்பு-வெள்ளை-சிவப்புப் பட்டையும் அதில் தயாரிப்பாளரின் எண்ணும் இருக்கும்; சீட்டில் அரசுச் சோதனை எண்ணும் அச்சாகியிருக்கும். உங்கள் பாட்டிலில் அவை இருந்தால், அது சோதனைக்கூடத்தையும் சுவைப்போர் குழுவையும் கடந்து வந்தது என்று கொள்ளலாம். இல்லாவிட்டால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். வடிகட்டாமல் கலங்கலாக விற்கும் தோட்டக்காரர்கள் பலர், தர ஒயின் என்ற பிரிவுக்கு விண்ணப்பிக்காமல், வெறுமனே ஆஸ்திரிய ஒயின் என்ற பெயரில் விற்கிறார்கள்.

கலவை என்ற சொல் நம் காதில் கலப்படம் என்று விழுவது இயல்பு. மளிகைக் கடையில் மிளகில் பப்பாளி விதையைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஒயினில் கலவை என்பது சமையலில் பருப்பு சேர்ப்பது போன்றது: சாம்பாருக்குத் துவரை, கூட்டுக்குக் கடலைப்பருப்பு, சிலர் வீட்டில் பாசிப்பருப்பும் ஒரு கை. பிரான்சின் பெயர்பெற்ற போர்டோ ஒயின்கள் பெரும்பாலும் கலவைதான். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் பார்தொலீனோ என்ற லேசான சிவப்பு ஒயினும் இரண்டு மூன்று உள்ளூர்த் திராட்சைகள் சேர்ந்ததே. நீங்கள் சீட்டிலிருந்து எழுத்துக்கூட்டி எழுதியிருக்கும் ஸ்வைகெல்ட், பிளாவ்ஃபிராங்கிஷ், சாங்க்ட் லாரன்ட் மூன்றும் பூர்கன்லாந்தில் பரவலாக உள்ளவை. இவற்றுக்குள் உறவும் உண்டு. சாங்க்ட் லாரன்டையும் பிளாவ்ஃபிராங்கிஷையும் 1922-இல் குளோஸ்டர்நொய்புர்க் ஆராய்ச்சி நிலையத்தில் இனக்கலப்பு செய்து பிறந்ததுதான் ஸ்வைகெல்ட். இன்று ஆஸ்திரியாவில் மிக அதிகமாகப் பயிராகும் கறுப்புத் திராட்சை அதுவே. தாயும் தந்தையும் பிள்ளையும் ஒரே பாட்டிலில் இருக்கிறார்கள் என்று சொல்லலாம். பிளாவ்ஃபிராங்கிஷ் புளிப்பையும் மிளகு போன்ற காரமணத்தையும் கொடுக்கும். சாங்க்ட் லாரன்ட் மென்மையையும் நறுமணத்தையும். ஸ்வைகெல்ட் செர்ரிப் பழச் சுவையை. ஒன்று மழையில் கெட்ட ஆண்டில் மற்றொன்று தாங்கிப் பிடிக்கும் என்பதும் சிறு தோட்டக்காரர்களுக்குக் கலவையின் பெரிய பயன்.

நாக்கில் சுருக்கென்பது பெரும்பாலும் நொதித்தலின்போது உண்டான கரியமில வாயுவின் மிச்சம். புத்துணர்ச்சிக்காகவும் காற்றுப் படாமல் காக்கவும் அதைச் சிலர் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். டம்ளரை நான்கு முறை சுழற்றினால் போய்விடும். போகாமல் நுரைத்துக்கொண்டே இருந்தாலோ, காடி வாடையோ நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் வாடையோ வந்தாலோ, அது கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள்.

இனி பயோடைனமிக். தமிழில் உயிராற்றல் வேளாண்மை என்று எழுதுகிறார்கள். ருடால்ஃப் ஸ்டைனர் என்பவர் 1924 ஜூன் மாதத்தில், அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில் நிகழ்த்திய எட்டுச் சொற்பொழிவுகள்தான் இதன் தொடக்கம். அவர் உழவர் அல்லர், ஆன்மிகச் சிந்தனையாளர். அடுத்த ஆண்டே மறைந்துவிட்டார். பண்ணை என்பது தனக்கு வேண்டிய உரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஓர் உயிர் என்பது அவருடைய மையக் கருத்து. ரசாயன உரமும் களைக்கொல்லியும் கூடாது. மாடு இருக்க வேண்டும். மக்கு உரம் பண்ணையிலேயே செய்யப்பட வேண்டும். இவற்றோடு, பசுவின் கொம்பில் சாணத்தை நிரப்பிக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து, எடுத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் சுழற்றித் தெளிக்கும் கொம்புச் சாண உரம், வெண்கல் பொடியைக் கொம்பில் புதைத்துச் செய்யும் இன்னொன்று, சாமந்தி இனப் பூ, ஓக் மரப்பட்டை, காஞ்சொறி முதலியவற்றிலிருந்து செய்து மக்கு உரக் குவியலில் இடும் ஆறு தயாரிப்புகள், நிலவின் நடையைப் பார்த்து நாள் குறிக்கும் பஞ்சாங்கம் ஆகியவையும் உண்டு. 1928-இலிருந்து டிமீட்டர் என்ற முத்திரை இந்த முறைக்குச் சான்றாக வழங்கப்படுகிறது.

பஞ்சகவ்யத்தோடு இதற்கு உறவு உண்டா என்றால், பசுவும் நம்பிக்கையும் பொது, அளவு வேறு. பஞ்சகவ்யத்தை நாம் 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் என்று கலந்து தெளிக்கிறோம். அதில் பயிருக்குப் போய்ச் சேரும் சத்தும் நுண்ணுயிரும் அளக்கக்கூடிய அளவில் இருக்கின்றன. கொம்புச் சாண உரமோ ஏக்கருக்கு ஏறத்தாழ 25 கிராம்தான். நம் வேளாண் துறை நெல்லுக்குத் தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன் போடச் சொல்கிறது. 25 கிராம் சாணம் எத்தனை நன்றாக மக்கியிருந்தாலும் உரமாக வேலை செய்ய முடியாது என்பதை வேதியியல் படித்தவனாக நான் உறுதியாகச் சொல்வேன். அதைத் தெளிப்பவர்களும் அதை உரம் என்று சொல்வதில்லை, தூண்டுகோல் என்கிறார்கள்.

எது நிறுவப்பட்டது, எது நிறுவப்படவில்லை என்று பிரித்துப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தில் பாசலுக்கு அருகே 1978-இல் தொடங்கிய நீண்டகாலச் சோதனை ஒன்று பயோடைனமிக், இயற்கை, வழக்கமான ரசாயன முறைகளை அடுத்தடுத்த பாத்திகளில் ஒப்பிட்டுவருகிறது. 21 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளியாயின: ரசாயனம் தவிர்த்த பாத்திகளில் விளைச்சல் சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது, ஆனால் உரச் சத்து 34 முதல் 53 விழுக்காடு வரையும், பூச்சிமருந்து 97 விழுக்காடும் குறைவாகச் செலவாயின, மண்ணில் உயிரோட்டம் தெளிவாகக் கூடியிருந்தது. அது கோதுமை, உருளைக்கிழங்கு போன்ற பயிர்களில் நடந்தது, திராட்சையில் நடந்ததன்று. திராட்சைக்கென்றே கலிஃபோர்னியாவின் யூகையாவுக்கு அருகில் மெர்லோ என்ற கறுப்புத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் 1996-இலிருந்து இயற்கை முறையையும் பயோடைனமிக் முறையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். முதல் ஆறு ஆண்டுகளில் மண்ணின் தரத்தில் வேறுபாடு தெரியவில்லை. 2003-இல் மட்டும் பழத்தின் சர்க்கரையிலும் தோல் சாயத்திலும் சிறு முன்னேற்றம் தென்பட்டது. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: ரசாயனத்தை நிறுத்தி, மக்கு உரமிட்டு, வரிசைகளுக்கிடையே மூடுபயிர் வளர்ப்பதன் பலன் உறுதியானது. கொம்பும் நிலவும் அதற்கு மேல் எதையாவது சேர்க்கின்றன என்பதற்கு வலுவான சான்று இல்லை.

அப்படியானால் அது வெறும் சடங்குதானா என்று கேட்டால், பூர்கன்லாந்தில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டின் பெரியவர் விடியற்காலை ஐந்து மணிக்கு மரத்தொட்டியில் கொம்புச் சாணக் கரைசலைக் கழியால் சுழற்றுவார். நடுவில் குழி விழுந்து சுழல் உண்டானதும் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்புவார். ஒரு மணி நேரம் நிற்காமல் இது நடக்கும். பிறகு மகளும் மருமகனும் அதை முதுகில் சுமந்து ஒவ்வொரு வரிசையாகத் தெளித்துக்கொண்டே போவார்கள். அப்படிப் போகும்போது ஒரு நாள் மகள் திடீரென்று நின்று, ஓர் இலையைத் திருப்பி என்னிடம் காட்டினார். மேல்பக்கம் எண்ணெய் சிந்தியது போல நாலணா அளவு மஞ்சள் புள்ளி, அடியில் வெண்பஞ்சு. அடிச்சாம்பல் நோயின் முதல் புள்ளி அது. அன்று மாலையே மருந்தடித்தார்கள். நோய் அந்த ஐந்தாறு கொடிகளோடு நின்றது. கொம்பு அந்த நோயைத் தடுக்கவில்லை. கொம்பின் பொருட்டு அன்று அந்த வரிசையில் நடந்த கண்கள் தடுத்தன. உடையவன் பாரா வேலை ஒரு முழம் கட்டை என்று நம் ஊரில் சொல்வது திராட்சைக்கும் பொருந்தும். குடும்பத் தோட்டம் என்ற சொல்லுக்கு நான் மதிப்புக் கொடுப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். எல்லாக் குடும்பமும் இப்படி நடக்கும் என்பதற்குச் சீட்டு உறுதி தராது. ஆனால் நடப்பவர்கள் இருக்கிறார்கள், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மருந்தடித்தார்கள் என்று எழுதினேன். அதையும் விளக்கிவிடுகிறேன், ஏனெனில் பூச்சிமருந்து படாத திராட்சை என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். அவர்கள் அடித்தது தாமிரமும் கந்தகமும். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்து நம் திராட்சை விவசாயிகள் அடிக்கும் போர்டோ கலவையின் இனம்தான் அது. இயற்கை முறையிலும் பயோடைனமிக் முறையிலும் இதற்கு அனுமதி உண்டு. தாமிரம் மண்ணில் தங்கிவிடும் உலோகம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. ராணிப்பேட்டையின் குரோமியம் பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்று தெரிந்த நமக்கு, மண்ணில் தங்கும் உலோகம் என்றால் என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒயினில் சேரும் கந்தக டைஆக்சைடுக்கும் வரம்பு உண்டு: சர்க்கரை மிகக் குறைந்த சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம், இயற்கை முறைச் சான்று பெற்றதில் 100. ஆஸ்துமா உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாமனார் விஷயத்தில் நான் மருத்துவன் அல்லன் என்றாலும் தயங்காமல் ஒன்றைச் சொல்வேன்: எந்த முறையில் விளைந்தாலும் அந்தத் திராட்சை நொதித்து உண்டாவது எத்தனால் என்ற அதே சாராயச் சத்துதான். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. இனிப்பில்லாத ஒயினில் சர்க்கரை குறைவு என்பது உண்மை. ஆனால் இன்சுலினோ, சர்க்கரையைக் கீழே இறக்கும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் மது அருந்தினால், கல்லீரல் இரத்தத்துக்குச் சர்க்கரை கொடுப்பது தடைப்பட்டு, சில மணி நேரம் கழித்துக்கூட சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். பயோடைனமிக் என்ற சொல் இதில் எந்த மாற்றத்தையும் செய்யாது. அவருக்கு மருந்தென்று கொடுக்காதீர்கள்.

உங்களுக்காகத் திறப்பதானால், வேலூர் வெயிலை மனத்தில் வையுங்கள். ஐரோப்பியர் அறை வெப்பம் என்று சொல்வது 16 முதல் 18 டிகிரி. நம் அறை மே மாதத்தில் அதைப்போல் இரு மடங்கு. பீரோவிலோ பரணிலோ ஒரு கோடைக்காலம் கிடந்தால் இந்த மாதிரி ஒயின் வெந்துபோய்ப் பழவாசத்தை இழந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்து, பருகுவதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுங்கள். 12 முதல் 14 டிகிரி இதற்குச் சரி. சாப்பாட்டோடு என்றால், ஆம்பூர் பிரியாணியும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயும் நன்றாகவே சேரும் என்பது என் அனுபவம். மிளகாய்க் காரம் டானினின் கடுமையைத் தூக்கிக் காட்டும். டானின் குறைந்த ஒயின் அந்தச் சண்டைக்குப் போகாது, கத்தரிக்காயின் புளியோடு அதன் புளிப்பும் ஒத்துப்போகும். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். இது ஆண்டுக்கணக்கில் பதுக்கி வைக்கும் வகை அன்று. சீட்டில் அறுவடை ஆண்டு அச்சாகியிருந்தால் பாருங்கள், மூன்று ஆண்டுகளுக்குள் என்றால் தாமதிக்காமல் இந்த வாரமே திறந்துவிடுங்கள்.